மல்லிகை மாதங்களின் தரவு

ஈரோடு, பெருந்துறை சாலை, மூன்றாம் மாடி.
செருப்பு, செல்போன், செண்டு,
கடைசியாகப் பூ.
ஆய்வக வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருந்தேன்.
"அம்மிணி, பூவை இதுல வெச்சுட்டு உள்ள வாங்க."

சென்னிமலையிலிருந்து வந்த சௌடேஸ்வரிக்கு அது
கோயிலில் கொடுத்த சரம்.
கழற்றும்போது நாலு முடியும் கூட வந்தது.
அவள் மாமியார் என் வெறும் கொண்டையைப் பார்த்தார்,
நெற்றியைப் பார்த்தார்,
பிறகு தரையை.
வீட்டுக்காரர் நன்றாக இருக்கிறார்
என்று நான் சொல்லவில்லை.
சொல்ல நேரமில்லை.
முட்டைகள் வெளியே வந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அதற்கு முன் நான்கு வருடம் காங்கேயம் காளைகள்.
விந்தை மெல்லிய குழலில் ஏற்றி
நைட்ரஜனில் இறக்குவேன்.
குழலில் எண், பதிவேட்டில் பெயர்.
எந்தப் பசுவும் திரும்பி வந்து
ஏன் நிக்கலைங்க மேடம் என்று கேட்டதில்லை.

இங்கே கேட்டார்கள்.
ஜூன் முதல் மார்ச் வரை நூற்றுக்கு முப்பத்தெட்டு.
ஏப்ரல், மே: பத்தொன்பது.
மூன்று வருடமும் வரைபடத்தில் அதே பள்ளம்.
மூன்றாம் நாள் எட்டு செல்.
நான்காம் நாளும் எட்டு செல்.
ஐந்தாம் நாள் அதைப் பார்க்க
யாரையும் கூப்பிடவில்லை.

வெயிலைச் சந்தேகித்தேன்.
மின்வெட்டை.
ஜெனரேட்டர் ஓட்டும் நாச்சிமுத்துவை.
டீசல் புகை உள்ளே போகலைங்க என்று
கருப்பணசாமி மேல் சத்தியம் செய்தார்.
அப்புறம் ஒரு மே மாதக் காலை லிஃப்டில்
ஏழு பெண்கள், ஏழு தலை,
சத்தியமங்கலம் மல்லி சல்லிசாக விற்ற வாரம்.
மூச்சு நின்றது எனக்கு.
இதுதான்!

தட்டு வைத்த வருடம் இருபத்தெட்டு வந்தது.
நம்ப விரும்புகிறவளுக்கு அது போதும்.
கோபன்ஹேகனில் பதினைந்து நிமிடம் பேசினேன்.
முழம் என்றால் எவ்வளவு என்று ஒருவர் கேட்டார்.
கையை நீட்டிக் காட்டினேன்.
சிரித்தார்கள், கைதட்டினார்கள்.
அடுத்த கோடையில் இருபத்தொன்று.
யாரோ ஒளித்து வைத்துக்கொண்டு வருகிறார்கள்
என்று தாதிகளைத் திட்டினேன்.

ஆறு வருடம் கழித்துக்
கூரையைப் பிரித்த நாச்சிமுத்து மேலிருந்து கத்தினார்:
"மேடம், குழாய்க்குள்ள பசை உருகிக் கெடக்குதுங்க."
கோடைக்கு மட்டும் ஓடும் இரண்டாவது ஏசி.
மொட்டைமாடி வெயிலில் வெந்த பசை.
அதன் மூச்சை
என் கருக்கள் குடித்திருந்தன.

குழாயை மாற்றினோம்.
அடுத்த ஏப்ரல், முப்பத்தேழு.
அதற்கடுத்த ஏப்ரல் தட்டை எடுத்துவிட்டுப்
பூவோடு வரச் சொன்னேன்.
அப்போதும் முப்பத்தேழு.

திருத்தம் ஒரு பக்கம் எழுதினேன்.
முதல் கட்டுரையை நூற்று நாற்பது பேர்
மேற்கோள் காட்டியிருக்கிறார்கள்.
திருத்தத்தை மூன்று பேர்,
அதில் இருவர் நானே.
சேலத்தில், கோவையில், எனக்குத் தெரியாத ஊர்களில்
இன்னும் தட்டு இருக்கிறது.
யாரோ ஒருத்தி கழற்றுகிறாள்.
யாரோ தரையைப் பார்க்கிறார்கள்.

ஓய்வு பெறும் மாதத்தில் பழைய கோப்புகளைப் புரட்டி
ஏப்ரல், மே பெயர்களை மட்டும் தனியே எழுதினேன்.
அறுபத்திரண்டு.
ஒவ்வொருவராய்ப் போன் செய்கிறேன்.
பாதி எண்கள் இப்போது இல்லை.

சௌடேஸ்வரி எடுத்தாள்.
வயது நாற்பத்தி மூன்று. பின்னால் தறிச் சத்தம்.
"சாமி பூவைப் பாதியில கழட்டிப் போட்டதுதானுங்க காரணம்.
அத்தை சாகற வரைக்கும் சொல்லீட்டே இருந்தாங்க."

இல்லைங்க, பூ இல்லை, என்றேன்.
எங்கள் மாடியில் இருந்த பசை, என்றேன்.

தறி நின்றது.

"பசைங்களா?"